மயிரிழையில் தப்பியதும் ஓர் அறிகுறியே

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் பெரியோர் சொல்வர். ஆபத்து நீங்கியதன் ஆறுதல் அதில் உண்டு. ஆனால் தலைப்பாகையைத் தட்டிச் சென்றது எது, அது மீண்டும் வருமா என்ற கேள்வி அப்பழமொழியில் இல்லை. மருத்துவமனையில் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். தவறான மருந்து நோயாளியின் கைக்குச் செல்லுமுன் செவிலியர் ஒருவர் கண்டு தடுத்துவிட்டால், ‘நல்லவேளை’ என்று அதை விட்டுவிடலாகாது. தீங்கு நேராத அந்நிகழ்வையும் எழுதிவைத்துக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது நோயாளர் பாதுகாப்பின் அடிப்படை நெறி. அதே நெறியை நம் வீட்டு வாசலில் நிற்கும் மிதிவண்டிக்கும், குறிப்பாக அதன் சங்கிலிக்கும், கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

தாம்பரம் வட்டாரத்தில் மிதிவண்டி இன்னும் மறைந்துவிடவில்லை. விடியற்காலையில் பாலும் நாளிதழும் போடுவோர், ரயில் நிலையம் வரை மிதித்து வந்து வண்டியை நிறுத்திவிட்டுப் பணிக்குச் செல்வோர், கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலருக்கும் அதுவே வாகனம். ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காக 2001–02இல் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், சொந்த வண்டி வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகளும் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். இவர்கள் ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் முடிச்சூர் சாலையிலும் பேருந்துக்கும் லாரிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் மிதித்துச் செல்பவர்கள். அத்தகைய இடத்தில் சங்கிலி கழன்றால் மிதிகட்டை திடீரெனக் கீழே இறங்கும். மிதிப்பவரின் உடல் கைப்பிடியின் மேல் சாயும். வண்டி ஒரு முழம் விலகும். அந்த ஒரு முழத்தில் என்ன வருகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கும்.

சாதாரண மிதிவண்டியில் சங்கிலி அறுந்தாலும் ஒரு காப்பு எஞ்சியிருக்கிறது. பிரேக் தனியே இயங்குவதால், நிலைகுலையாமல் பிடித்துக்கொண்டால் வண்டியை நிறுத்திவிடலாம். பின்சக்கரத்தில் உள்ள ‘ஃப்ரீவீல்’ காரணமாக, நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்போக்கில் உருளும். இந்த ஏற்பாடு இல்லாத வண்டியும் உண்டு. அதில் பின்சக்கரமும் பற்சக்கரமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றே தீரும். ‘ஃபிக்ஸ்டு கியர்’ எனப்படும் இவ்வகை வண்டி பந்தயத் தடத்துக்கு உரியது. நமக்கு அருகில், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் அத்தகைய சரிவான வளைதடம் உண்டு. தடத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. எல்லோரும் ஒரே திசையில் செல்வதாலும், குறுக்கே எவரும் வராததாலும் அங்கு அது பொருந்தும்.

அதே வண்டி சாலைக்கு வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. மிதிப்பவர் தம் கால்களால் மிதிகட்டையை எதிர்த்து அழுத்தியே வேகத்தைக் குறைக்கிறார். அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது சங்கிலி ஒன்றே. சங்கிலி அறுந்தால் நிறுத்தும் வழியும் அறுந்துபோகும். கழன்று பற்சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதனால்தான் பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிகள், இவ்வகை வண்டி சாலையில் ஓடவேண்டுமானால் முன்சக்கரத்தில் தனியாக ஒரு பிரேக் இருக்க வேண்டும் என்கின்றன. நம் ஊரிலும் இளைஞர் சிலர் தோற்ற அழகுக்காக இவ்வகை வண்டியை விரும்புவதுண்டு. அவர்களின் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முன்பிரேக் இல்லாமல் அவ்வண்டி தெருவில் இறங்கக் கூடாது.

‘எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட வண்டி இல்லையே’ என்று நீங்கள் எண்ணலாம். ஆயினும் அதே இயக்கமுறை உங்கள் வீட்டுக்குள் இருக்கக்கூடும். முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய குழந்தைகளின் மூன்றுசக்கர வண்டி அவ்வகையே. கனமான சுழல்சக்கரம் கொண்ட உடற்பயிற்சி மிதிவண்டிகள் பலவும் அவ்வகையே. முழங்கால் சிகிச்சைக்குப் பின்னும் இதயச் சிகிச்சைக்குப் பின்னும், மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் சொல்லி அதை வாங்கி வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. தாத்தா இறங்கிய பின்னும் சக்கரம் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும். பேரப்பிள்ளையின் விரல் அந்தச் சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையே புகுந்தால், ‘நிறுத்து’ என்று சொல்லி நிறுத்த முடியாது. சுழல்சக்கரத்தின் எடை முழுவதும் அந்தச் சிறுவிரல் மீது இறங்கும். மருத்துவ உலகம் நன்கறிந்த காயம் இது. விரல் நுனியையே இழந்த குழந்தைகள் பல நாடுகளில் உண்டு. சங்கிலியும் சுழல்சக்கரமும் முழுவதும் மூடப்பட்ட கருவியையே வாங்குங்கள். பயிற்சி முடிந்ததும் சுழற்சி முற்றிலும் நிற்கும்வரை அருகில் இருங்கள். பூட்டக்கூடிய அறையிலோ, குழந்தை எட்டாத மூலையிலோ அதை வையுங்கள்.

இனி, அறிகுறிகளுக்கு வருவோம். நெஞ்சுவலிக்கு முன் உடல் சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு, சங்கிலியும் அவ்வாறே. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது ‘டக்’ என்று ஒரு பல் தாவுவது, மாதத்தில் இரண்டு மூன்று முறை கழல்வது, ஒரு கண்ணி மட்டும் வளையாமல் விறைத்து நிற்பது, மழைக்காலத்துக்குப் பின் செந்துரு படிவது ஆகியவை அத்தகைய அறிகுறிகள். கழன்ற சங்கிலியைக் குச்சியால் தூக்கி மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நம் வழக்கம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காரணத்தைப் பாராமல் விடுவதைப் போன்றதே இது.

காரணத்தைப் பார்ப்பது கடினமன்று. மிதிவண்டிச் சங்கிலியின் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆகவே 24 இடைவெளிகள் சேர்ந்தால் சரியாக 12 அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் இரும்பு டேப்பை வைத்து 24ஆவது இடைவெளியின் முடிவைப் பாருங்கள். அது 12 அங்குலத்தைத் தாண்டி அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால், ஆணிகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சங்கிலியை மாற்ற வேண்டும். தொய்வையும் பார்க்க வேண்டும். இரு பற்சக்கரங்களுக்கும் நடுவே சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ அரை அங்குலம் அசையலாம். மிகுதியாகத் தொங்கினால் கழலும். கம்பிபோல் இறுகியிருந்தால் தேயும். இணைப்புக் கண்ணியில் சிறு ‘லாக்’ இருந்தால், அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். எதிர்த்திசையில் மாட்டிய லாக் உராய்ந்து கழல வாய்ப்புண்டு. இவற்றைச் செய்யத் தெரியாவிட்டால் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் சில நிமிடங்களில் செய்து தருவார். பள்ளியில் வழங்கப்படும் புதிய வண்டியையும் முதலில் அவரிடம் காட்டி, நட்டுகளை இறுக்கிப் பிரேக்கைச் சரிபார்த்த பின்னரே பிள்ளையிடம் தருவது நன்று.

சங்கிலியைத் துடைக்கும்போதும் எண்ணெய் விடும்போதும் ஒரு விதி உண்டு: சக்கரம் சுழலும்போது துணியும் விரலும் சங்கிலியைத் தொடக் கூடாது. ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் இந்த விதிக்கு விலக்கே இல்லை. ஒருவர் மிதிகட்டையைச் சுற்ற, மற்றொருவர் துணி பிடிப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

செயின் கவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நசுங்கிச் சத்தமிடத் தொடங்கியதும் கழற்றி எறிந்துவிடுகிறோம். வேட்டி, புடவைத் தலைப்பு, துப்பட்டா, சுடிதாரின் கால்பகுதி ஆகியவற்றைச் சங்கிலியிடமிருந்து காப்பது அதுவே. மோட்டார் சைக்கிளில் பின்னிருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்தின் பாதியளவாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி கூறுகிறது. மிதிவண்டிக்கு அத்தகைய கட்டாயம் இல்லையென்றாலும் துணிக்கு அந்த வேறுபாடு தெரியாது. கழுத்தைச் சுற்றிய துப்பட்டா சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கேரியரில் அமரும் குழந்தையின் குதிகால் ஆரக்கம்பிகளுக்குள் போவது மற்றொரு காயம். முதல்நாள் வெறும் சிராய்ப்புப் போல் தோன்றும் தோல், உள்ளே நசுங்கியிருப்பதால் சில நாளில் கறுத்து அழுகக்கூடும். எனவே ‘எலும்பு முறியவில்லை’ என்று நிம்மதியடைந்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் காட்டி மீண்டும் ஒருமுறை பரிசோதிக்கச் செய்யுங்கள்.

விரல் சிக்கிவிட்டால் இழுக்க வேண்டாம். பின் அச்சின் நட்டுகளைத் தளர்த்தினால் சங்கிலி தொய்ந்து விரலை விடுவிக்கும். தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். விரல் நுனி துண்டாகியிருந்தால் அதை மெல்லக் கழுவி, ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாகத் துண்டின்மீது படக் கூடாது. மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். கைச் சிகிச்சைக்கெனத் தனித் துறையுள்ள மருத்துவமனைகள், ஸ்டான்லி அரசு மருத்துவமனை உட்பட, சென்னையில் உள்ளன. நேரம் கடந்தால் அவற்றின் திறமையும் பயன்படாது. கிரீஸ் கலந்த காயத்துக்கு டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்க வேண்டும்.

இந்த இதழைப் படிப்போரில் நீரிழிவு உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் பலர் இருப்பர். உணர்வு குறைந்த பாதத்தில் சங்கிலி உரசிய கீறல் மாலைவரை தெரியாமல் போகலாம். ஆறாத புண்ணுக்கு அதுவே தொடக்கமாகலாம். இரத்தம் இளக்கும் மருந்து உண்போருக்குச் சிறு வெட்டும் நெடுநேரம் கசியும். வண்டி ஓட்டிவந்த நாளில் கணுக்காலைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மிதிவண்டிக்காரரைக் கொல்வது சங்கிலியா, அன்றி வேகமாக வரும் வாகனமும் குழி நிறைந்த சாலையுமா? நியாயமான கேள்விதான். தனித்தடமும் ஒளியும் ஒழுங்கான சாலையும் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள். அவற்றை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சாலை சீராகும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலையிலேயே புறப்படுகிறார்கள். நம் கையில் இருக்கும் பகுதியையாவது நாம் சரிசெய்யலாம். அதற்காகும் செலவு, காயம்பட்ட விரலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

மருத்துவமனைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. மிதிவண்டியால் காயமுற்று வருவோரிடம் ‘எங்கே வலிக்கிறது’ என்பதோடு ‘எப்படி நேர்ந்தது, இதற்கு முன் சங்கிலி கழன்றதுண்டா’ என்றும் கேட்டுக் குறித்துவைத்தால், எந்தக் காயங்களைத் தடுக்கலாம் என்பது தெளிவாகும். குடும்பத்தினரும் அந்தக் கேள்வியை வீட்டில் கேட்கலாம். பிள்ளை கையில் கறுப்பு எண்ணெயுடன் தாமதமாக வந்தால், கடிந்துகொள்ளாமல் என்ன நடந்தது என்று கேளுங்கள். கடிந்துகொண்டால் அடுத்த முறை அது சொல்லாமல் மறைத்துவிடும். சொல்லப்பட்ட ஆபத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டேப்பும் ஒரு ஸ்பேனரும் கொண்டு தீர்த்துவிடலாம்.