திறப்பு யாருடைய கையில்?

கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டி முடித்தது 1676இல். புத்தளம் களப்பின் வாயிலில் அது எழுந்ததற்கு, கண்டி மன்னனின் கடல் வணிகத்தை மறிக்கும் நோக்கமும் ஒரு காரணம். ஆகவே மதில் எதுவாயினும் அது யாரைக் காக்கிறது, யாரை மறிக்கிறது என்று கேட்டாக வேண்டும். கணினித் தீச்சுவரையும் நான் இக்கேள்வியோடுதான் அணுகுகிறேன்.

உபுண்டு லினக்ஸில் 2008ஆம் ஆண்டின் 8.04 பதிப்பு முதல் யூஎஃப்டபிள்யூ என்றொரு கருவி உண்டு. கட்டளைத் திரையில் 'சுடோ யூஎஃப்டபிள்யூ டிஃபோல்ட் டினை இன்கமிங்' எனத் தட்டச்சிட்டால், உள்வரும் இணைப்புகள் யாவும் மறுக்கப்பட வேண்டுமென்பது விதியாகிவிடும். தொலைவிலிருந்து கணினியை இயக்குபவர் முதலில் 'சுடோ யூஎஃப்டபிள்யூ அலவ் எஸ்எஸ்எச்' என அனுமதி வழங்கிவிட்டே 'சுடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள்' என்று சுவரை எழுப்ப வேண்டும். இல்லையேல் தம் வீட்டுக்கு வெளியே தாமே நிற்க நேரும். 'ஸ்டேட்டஸ் வேர்போஸ்' எனக் கேட்டால் விதிகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். விதியை எழுதுபவரும் அதற்குக் கட்டுப்படுபவரும் ஒருவரே.

அரசு எழுப்பும் சுவர் வேறு வகையானது. 2019 மே 12இல் சிலாபத்தில் முஸ்லிம் வணிகர் ஒருவரின் முகநூல் குறிப்பு மிரட்டலெனத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. அதே நாளில் கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் பறிக்கப்பட்டது.

வதந்தி தீயைப் போலப் பரவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வதந்தி செல்லும் அதே பாதையில்தான் அதன் மறுப்பும் செல்ல வேண்டியிருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரவர் தஞ்சமடைந்த மாவட்டம் இது. உறவுகள் பல ஊர்களிலும் சிதறிக் கிடக்கையில், கலவர இரவொன்றில் "பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும் வழியை அடைப்பது எவருக்குப் பாதுகாப்பு? சுவர் முகவரியைப் பார்த்து மறிக்கிறது. உண்மையையும் பொய்யையும் அது பிரித்தறிவதில்லை. வீபிஎன் தெரிந்தவர் அதைச் சுற்றிச் சென்றுவிடுவார். தெரியாத முதியவரே உள்ளே அடைபட்டுக் கிடப்பார்.

2022 ஏப்ரல் 3இல், அரசுக்கெதிரான போராட்டத்தின்போது, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்படி சமூக வலைத்தளங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. இம்முறை மறிக்கப்பட்டது இனவெறியன்று, மக்களின் கோபம். கலவரத்தைக் காட்டிக் கையிலெடுத்த திறப்பு வேறு கதவுகளையும் பூட்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நெருக்கடியில் இணையத்தை மறித்தே ஆகவேண்டுமென அரசு கருதுமானால், எது, எக்காரணத்தால், எத்தனை மணிநேரத்துக்கு என்பதை எழுத்தில் வெளியிட்டு நீதிமன்றத்தின் முன் வைக்கட்டும். சாதாரணக் கணினியொன்று தன் உரிமையாளருக்குக் காட்டும் விதிப்பட்டியலை அரசு தன் குடிமக்களுக்குக் காட்டுவதில் என்ன தடை?