இருபத்தெட்டே போதும்

சென்ற ஆண்டு மலர் கைவசம் இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமாரின் குரூப் போட்டோவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுவில் அமர்ந்திருக்கும் சிஸ்டரும் ஆசிரியைகளும் உள்ளபடியே இருக்கிறார்கள். இரு ஓரங்களிலும் நிற்கும் அக்காமார் மட்டும் உப்பிய பூரியைப் போல் அகன்று, தலை ஒரு பக்கமாக இழுபட்டுத் தெரிகிறார்கள். அவர்களில் ஒருவர் பணம் கட்டியும் பிரதியை வாங்கிக்கொள்ளவில்லை. "இது நான் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் படத்தை எடுத்தவர்கள் வேறு யாருமல்லர், புகைப்படக் குழுவினராகிய நாங்கள்தாம்.

அதற்கு முந்திய ஆண்டின் கதை வேறு. எங்களிடமிருந்த 50 மி.மீ. லென்ஸில் வகுப்பு முழுவதும் அடங்காமல், இரண்டு பாதியாக எடுத்து அடுத்தடுத்த பக்கங்களில் அச்சிட நேர்ந்தது. அந்தக் குறையை நீக்கத்தான் சென்ற ஆண்டு 20 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கினோம். ஒரு குறை போய் மறு குறை வந்தது. இவ்வாண்டு எங்களுக்கென்றே ஓர் அகலக்கோண லென்ஸ் வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது. உணவுத் திருவிழாவில் சுண்டலும் எலுமிச்சைச் சாறும் விற்றுச் சேர்த்த பணம் ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் காணும். ஆகவே எதை வாங்குவது என்பதில் குழுவுக்குள் பலத்த வாதம். 24 என்பார் சிலர், 35 என்பார் சிலர். 28 மி.மீ. லென்ஸையே வாங்க வேண்டும் என்பது எங்கள் முடிவான கருத்து.

எங்கள் கருவி பென்டாக்ஸ் கே 1000. பழைய மாணவி ஒருவர் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தது. 1976 முதல் 1997 வரை உற்பத்தியான வகை. ஒளியை அளக்க மட்டுமே அதற்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் தன் வேலையைச் செய்யும். கூர்மையைக் கையால் திருகித்தான் சேர்க்க வேண்டும். "கைப்பேசி இருக்கையில் இந்தப் பழைய பெட்டி எதற்கு?" என்று கேட்கும் அப்பாமாருக்கு ஒரே பதில். பிலிம் ரோலில் 36 படம்தான். அதனால் யோசித்து எடுக்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பிலிமில் விழும் படத்தின் அகலம் 36 மி.மீ. நாம் நிற்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி லென்ஸின் எண்ணால் வகுத்தால், எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பது கிடைக்கும். நம் முற்றத்தில் வேப்பமரத்தில் முதுகு படும்படி நின்றால், படிக்கட்டில் நிற்கும் நடு வரிசை சரியாக 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதற்குமேல் பின்னால் போக வழியில்லை. அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் 3.6 மீட்டரைப் பிடிக்கும், 35 லென்ஸ் 5.1 மீட்டரை, 28 லென்ஸ் 6.4 மீட்டரை, 24 லென்ஸ் 7.5 மீட்டரை. வகுப்பில் 39 பேர். மூன்று படிகளில் 13 பேராக, ஒருவருக்கு 45 செ.மீ. வீதம் நின்றால் வரிசையின் நீளம் 5.85 மீட்டர். 35 லென்ஸில் ஓரத்துப் பெண்கள் வெட்டுப்படுவார்கள். 28 லென்ஸில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு சாண் இடம் மிஞ்சும்.

நான்காவது வரிசைக்குப் பெஞ்சு போட்டால் 35 போதுமே என்பது சிஸ்டரின் யோசனை. மறுத்துப் பேசுகிறோம் என்று எண்ணாமல் இதையும் கேட்டருள வேண்டும். வரிசைக்குப் பத்துப் பேர் என்றால் நீளம் 4.5 மீட்டராகக் குறைவது உண்மையே. ஆனால் படிகள் மூன்றுதான். பெஞ்சைப் படிக்கு முன்னால் போட, அந்த வரிசை மரத்தை நோக்கி 60 செ.மீ. நெருங்கிவிடுகிறது. 4.4 மீட்டர் தூரத்தில் 35 லென்ஸ் பிடிப்பது 4.5 மீட்டர். முழங்கை அசைக்க இடமில்லை. நாங்கள் கயிறு கட்டி அளந்தே பார்த்துவிட்டோம்.

அப்படியானால் 24 வாங்கி இன்னும் தாராளமாக இருக்கலாமே? சென்ற ஆண்டின் பாடம் இங்கேதான் வருகிறது. ஓரத்து முகம் அகன்றதற்கு இரவல் லென்ஸின் மட்டத்தனமே காரணம் என்று நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அது லென்ஸ் மீது வீண்பழி. டார்ச் விளக்கைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒளி விழும். சாய்த்துப் பிடித்தால் முட்டை வடிவில் நீளும். தட்டையான பிலிமில் ஓரத்து முகம் சாய்வாகத்தான் வந்து விழுகிறது. சாய்வு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நாம் எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறோம் என்பதே. சென்ற ஆண்டு 20 மி.மீ. லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, படம் நிறைய வேண்டும் என்ற ஆசையில் மூன்றேகால் மீட்டருக்கு நெருங்கிப் போனோம். ஓரத்தில் நின்றவரின் தலை சுமார் 30 விழுக்காடு அகன்றது. அதே வரிசையை 5 மீட்டரிலிருந்து எடுத்தால் எந்த லென்ஸிலும் அது 14 விழுக்காடுதான். கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது.

ஆக 24 லென்ஸையும் வேப்பமரத்தடியில் நின்றே பயன்படுத்தலாம்தான். ஆனால் அப்போது இரு பக்கமும் வெறும் சுவர் விழும், முகங்கள் சிறுத்துவிடும். 5 மீட்டரில் 28 லென்ஸ் எடுக்கும் ஒரு முகத்தின் அகலம் பிலிமில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. அதையும் ஏழில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமா? சுவரைக் கண்டதும் கால் தானாக முன்னே நடக்கும். 4 மீட்டரில் போய் நிற்போம், அகல்வு 21 விழுக்காடாகிவிடும். எங்கள் கால்களை எங்களுக்குத் தெரியும். 28 லென்ஸ் எங்களை மரத்தடியிலேயே கட்டிப் போடும்.

ஒரே லென்ஸில் எல்லாமும் எடுத்துவிட முடியுமா என்று கவலைப்படுவோருக்கு ஹோமாய் வியாரவாலாவை (1913–2012) நினைவூட்டுகிறோம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், 2011இல் பத்ம விபூஷண் பெற்றவர். அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்றான ரோலிஃப்ளெக்ஸில் லென்ஸைக் கழற்றி மாற்றவே முடியாது.

கூர்மை சேர்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அகலக்கோண லென்ஸ் வழியே பார்த்தால் எல்லாமே சிறியதாகவும் தெளிவாகவும் தெரிவதால், எது சரி என்று கண் ஏமாந்துவிடும். படத்தில் எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்று முன்கூட்டிக் காட்டும் பொத்தானும் கே 1000இல் இல்லை. லென்ஸின் உடலில் செதுக்கியிருக்கும் ஆழ அளவுகோலை நம்புவதே வழி. 28 லென்ஸில் துளையை எஃப் 8இல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்தினால், 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை யாவும் தெளிவாக விழும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிஸ்டரும் கடைசிப் படியில் நிற்பவரும் ஒன்றுபோலவே தெளிவாக இருப்பர். விளையாட்டு விழாவிலும் இப்படியே வைத்துவிட்டுத் திருகாமல் எடுக்கலாம்.

சிற்றாலயத்தில் பாடகர் குழுவை எடுக்க வெளிச்சம் குறைவு. அதற்கு எஃப் 2.8 உள்ள லென்ஸும் 400 வேகப் பிலிமும் போதுமென்றே நினைக்கிறோம். எஃப் 3.5 லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே கை ஆடிவிடும். மணிக்கூண்டை எடுக்கையில் மட்டும் கருவியை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். மட்டமாகப் பிடித்து, பிரதி போடும்போது தரையை வெட்டிக்கொள்ளலாம்.

வாங்கப்போவது பழைய லென்ஸ்தான். பென்டாக்ஸ் பெயரில் இல்லாவிட்டாலும் டாம்ரான், விவிடார் ஆகியவையும் இந்தக் கருவிக்கேற்ற பொருத்தில் 28 செய்தன. பெயரைவிட உடல்நலமே முக்கியம். டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறு பக்கம் வழியே பார்த்தால் பூஞ்சை சிலந்தி வலை போல் தெரியும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு அது இலேசில் வரும். வாங்கியதும் மூடி இறுகும் டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதாக இருக்கிறோம். துளையின் இதழ்களில் எண்ணெய் பளபளத்தால் அதையும் வேண்டாமென்று வைத்துவிட வேண்டும். டிஜிட்டல் கருவிகளுக்கென்று பின்னாளில் வந்த, துளை வளையம் இல்லாத பென்டாக்ஸ் லென்ஸ்கள் நம் கருவியில் மாட்டும், ஆனால் பயன்படா. மாட்டுகிறதே என்று யாரும் மகிழ்ந்து வாங்கித் தந்துவிட வேண்டாம்.

பெற்றோர் எவர் வீட்டு அலமாரியிலாவது இத்தகைய 28 ஒன்று சும்மா கிடந்தால் வகுப்பு ஆசிரியையிடம் தெரிவிக்கலாம். இரவலாக வேண்டாம், விலைக்கே வாங்கிக்கொள்கிறோம். பிரதி வாங்காமல் போன அக்காவுக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். இவ்வாண்டு வகுப்புப் படம் எடுக்கும் அன்று அவரும் வர இசைந்திருக்கிறார். அவருக்கென்று தனியே ஒரு படம் எடுக்கப்போகிறோம், அதே படியில், அதே ஓரத்தில். வேப்பமரத்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். படம் எடுத்து முடியும் வரை அதை யாரும் கழுவிவிடாமலிருக்க வேண்டுகிறோம்.