ஓட்டுநர் இருக்கையில் ஒரு குரல்

ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து ஏறத்தாழ விவாதமின்றியே ஏற்கப்பட்டு வருகிறது. முன்னிருக்கை காலியாக இருப்பதுதான் பயணியின் அச்சத்துக்குக் காரணம் என்றும், பெருமொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்துகளைக் கற்று மனிதரைப் போல விடையளிக்கும் கணினி நிரல், வண்டிக்குள் பேசத் தொடங்கினால் அந்த வெறுமை நிரம்பி நம்பிக்கை பிறக்கும் என்றும் அக்கருத்து கூறுகிறது. வேமோ நிறுவனம் 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் வட்டாரத்தில் ஓட்டுநரற்ற பயணத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் அதை விரிவாக்கியுள்ள நிலையில், இது ஏட்டளவில் நிற்கும் விவாதமாக இல்லை.

குரல் நம்பிக்கையை வளர்க்கும் என்பது உண்மையே. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டும் அனுபவத்தைப் போலச்செய்யும் கருவியைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான வேய்ட்ஸ், ஹீஃப்னர், எப்லி ஆகியோரின் ஆய்வில், தானே ஓடும் ஒரு வண்டிக்கு ‘ஐரிஸ்’ என்ற பெயரும் பெண்குரலும் தரப்பட்டபோது, பெயரும் குரலும் இல்லாத அதே திறனுடைய வண்டியைக் காட்டிலும் பங்கேற்றோர் அதை அதிகமாக நம்பினர். பேசும் வண்டிக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படும் இந்த ஆய்வு உண்மையில் அதற்கு எதிராகவே பேசுகிறது: வண்டியின் ஓட்டுத்திறன் இம்மியும் கூடாதிருக்க, அதன் மீதான நம்பிக்கை மட்டும் கூடியிருக்கிறது. ஒரு கருவியின் உண்மையான ஆற்றலுக்கு ஏற்ற அளவில் அதை நம்புவதைத் துறையினர் ‘அளவொத்த நம்பிக்கை’ என்பர். இனிய குரல் அந்த அளவுகோலையே வளைத்துவிடுகிறது.

விளக்கம் சொல்லும் வண்டி வெறுமனே பேசும் வண்டியைவிட மேலானது என்று இதற்கு விடை கூறப்படலாம். ஆனால் எந்த விளக்கம் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. தானாகப் பிரேக் பிடிக்கும் காரைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2015இல் வெளியிட்ட சோதனையில், வண்டி என்ன செய்கிறது என்று மட்டும் அறிவித்தபோது ஓட்டுவோரின் செயல்பாடு மோசமானது. ஏன் செய்கிறது என்பதைச் சொன்னபோது அவர்கள் அதை விரும்பினர். இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது ஓட்டுதல் மிகப் பாதுகாப்பாக அமைந்தபோதிலும் அவர்களிடம் எதிர்மறை உணர்வுகள் மிகுந்தன. இதைவிட ஆழமான தடையும் ஒன்று உண்டு. வண்டியைச் செலுத்தும் நிரல் ஒன்றாகவும் பயணியிடம் பேசும் நிரல் வேறொன்றாகவும் இருந்தால், பின்னது சொல்லும் காரணம் முன்னதன் முடிவுக்கு மெய்யாகவே காரணமாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அது பொருத்தமாகத் தோன்றும் ஊகமாகவே இருந்துவிடலாம். லண்டனைச் சேர்ந்த வேவ் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ‘லிங்கோ-2’ காட்சி, மொழி, செயல் மூன்றையும் ஒரே மாதிரியில் இணைக்க முயன்றது இந்த இடைவெளியை உணர்ந்த முயற்சி எனலாம். ஆயினும், ஒரே மாதிரிக்குள் இருப்பதாலேயே சொல்லும் செயலும் ஒன்றிவிடுவதில்லை.

பேச்சே எல்லோருக்கும் இயல்பான வழி என்ற வாதம் நெடுநேரம் நிற்காது. அமெரிக்காவின் ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறிதல் நிரல்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வு, சொற்களைத் தவறாக அறியும் வீதம் வெள்ளையரின் பேச்சில் சராசரியாக 19 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரின் பேச்சில் 35 விழுக்காடாகவும் இருந்ததைக் காட்டியது. செவித்திறன் குறைந்த பயணிக்குக் குரலால் மட்டும் பயனில்லை. பார்வையற்றவருக்கோ அது இன்றியமையாதது; 2015இல் ஆஸ்டின் நகரில் கூகுளின் திசைமாற்றி இல்லாத வண்டியில் தனியே பயணம் செய்தவர் பார்வையற்ற ஒருவரே. ஆகவே திரை, ஒலி, தொட்டறியும் பொத்தான் ஆகியவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, ஓட்டுநரைப் பேச்சுத் துணையாகக் கருதும் பிழை. பயணி ஓட்டுநரிடம் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதையே. 2025 தொடக்கத்தில் செய்தியான ஒரு நிகழ்வில், அரிசோனாவில் ஓட்டுநரற்ற வாடகைக் கார் ஒன்று வண்டிகள் நிறுத்துமிடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றியது. உள்ளே இருந்தவர் நிறுவன ஊழியரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தும் வண்டி உடனே நிற்கவில்லை. அங்கே பேச்சுக்குக் குறைவில்லை, கட்டுப்பாட்டுக்கே குறை. மின்தூக்கி இயக்குவோர் 1945இல் நியூயார்க்கில் வேலைநிறுத்தம் செய்த காலத்தில், இன்று ஓட்டுநரற்ற காருக்கு அஞ்சுவதைப் போலவே, ஆளில்லா மின்தூக்கியில் ஏறவும் மக்கள் தயங்கினர். இன்று எவரும் தயங்காமல் ஏறும் அந்தப் பெட்டிக்குள் உரையாடுவோர் யாருமில்லை, அபாய மணியும் வெளியே உள்ள மனிதரோடு இணைக்கும் தொடர்பும் உள்ளன.

செயற்கை நுண்ணறிவுக்கு இங்கே வேலை இல்லை என்பது இதன் பொருளாகாது. பயணி மயங்கிச் சாய்வதைக் கண்டறிவதும், எந்த மொழியில், எந்த வட்டார வழக்கில், எவ்வளவு பதற்றத்தோடு சொன்னாலும் ‘நிறுத்து’ என்பதை உணர்ந்து பாதுகாப்பான ஓரம் தேடுவதும், நிறுத்திய மறுகணமே உதவக்கூடிய மனிதரை இணைப்பதும் கடினமான பணிகள். அவற்றுக்குப் பிறகுதான் வண்டி தன் முதல் வாக்கியத்தைப் பேசலாம்.