உலை வாயை மூடலாம், ஊர் வாயை?

ஒரு விமானம் விழுந்து புகை அடங்குவதற்குள் காரணங்கள் கிளம்பிவிடுகின்றன. "குண்டாம்", "பறவையாம்", "ஓட்டினவருக்கு வீட்டிலே ஏதோ தகராறாம்" என்று ஆளுக்கொரு 'ஆம்'! 2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் லண்டன் போகும் ஏர் இந்தியா விமானம் விழுந்து, தரையிலிருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் மாண்டபோது நம் வீடுகளிலும் இதே பேச்சுத்தானே, சகோதரிகளே?

என் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் மகள் விமானப் பணிப்பெண். அந்த நாட்களில் அவள் ஒரு மாலை என்னிடம் வந்து, "அக்கா, தண்ணி பிடிக்கிற இடத்துல எல்லாரும் என்னையே கேக்கறாங்க. என் பொண்ணு அங்க வேலைக்குப் போயிருக்கா. இவங்க வாய்க்கு வந்ததைப் பேசறப்போ நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றாள். வம்பு என்பது யார் வீட்டில் போய்ச் சுடுகிறது, பார்த்தீர்களா?

பழைய விபத்து ஒன்றைச் சொல்கிறேன். 1978 ஜனவரி 1, புத்தாண்டு இரவு. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம், இரண்டு நிமிஷம்கூட ஆகுமுன் பாந்த்ராவுக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நாசவேலையோ என்றுதான் முதலில் சந்தேகம். ஆனால் கடலிலிருந்து எடுத்த பாகங்களில் வெடித்ததற்கோ, தீப்பிடித்ததற்கோ அடையாளமே இல்லை.

பின் நடந்தது என்ன? விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று கேப்டனுக்கு முன்னால் உண்டு. வலது பக்கம் திரும்பிய விமானம் நேரான பிறகும், அந்தக் கருவி 'வலது பக்கம் சாய்ந்திருக்கிறாய்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி அவர் இடது பக்கம் சாய்த்தார். மேலும் மேலும் சாய்த்தார். வெளியே கும்மிருட்டு, கீழே கடல், வானம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. மற்றக் கருவிகளைப் பார்த்துச் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சாய்ந்தால் உடம்புக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். குழந்தைகள் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் என்ன சொல்கின்றன? "அம்மா, வீடு சுத்துது!" நம் காதுக்குள்ளே அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. அவற்றிலுள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் மூளை நம் நிலையை அறிகிறது. கண்ணுக்குப் பிடிமானம் இல்லாத இருட்டில் அந்தக் காது ஏமாற்றிவிடும். அனுபவசாலிக்கும் அப்படித்தான்.

விசாரணை, கருவி பழுதானதையும் சொன்னது. கேப்டன் இயக்கிய விதத்தையும் குறை சொன்னது. குடும்பத்தார் மனம் ஆறவில்லை. விமானத்தையும் கருவிகளையும் செய்த கம்பெனிகள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 1985இல் அந்த நீதிமன்றம் கம்பெனிகள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அரசாங்கம் விளக்கம் கொடுத்துவிட்டால் துக்கம் தீர்ந்துவிடும் என்பதில்லை.

அகமதாபாத் விபத்துக்கு ஒரு மாதம் கழித்து முதல் அறிக்கை வந்தது. கிளம்பியதும் இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் தரும் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் 'நிறுத்து' நிலைக்குப் போயின, 'ஏன் நிறுத்தினாய்?' என்று ஒரு விமானி கேட்க, 'நான் செய்யவில்லை' என்று மற்றவர் சொன்னார் என்றது. எந்தக் குரல் யாருடையது, ஏன் அப்படி ஆயிற்று என்று அதில் இல்லை. ஆனால் ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது! விமானியின் வயது முதிர்ந்த தந்தை உச்ச நீதிமன்றப் படியேற வேண்டி வந்தது. மகனைப் பறிகொடுத்தவர், மகனின் பெயரையாவது காப்பாற்றப் போனார். அவரைக் குற்றவாளி என்று யாரும் சொல்ல முடியாது என்று 2025 நவம்பரில் நீதிபதிகள் ஆறுதல் சொன்னார்கள். உலக விதிப்படி இத்தகைய விசாரணையே யார் மீதும் பழி போட அல்ல. இன்னொரு விபத்தைத் தடுக்கத்தான்.

நாம் செய்யக்கூடியது என்ன? முதல் நாள் கேட்ட காரணத்தை இரண்டாம் ஆளிடம் கொண்டு போகாதீர்கள். அறிக்கை வந்தால் அதில் உள்ளதையும், மற்றவர் சேர்த்துச் சொல்வதையும் அரிசியும் கல்லுமாய்ப் பிரித்துப் பாருங்கள். எரியும் காட்சியைத் திரும்பத் திரும்பக் குழந்தைகள் எதிரில் ஓடவிடாதீர்கள். ராத்திரி பயந்து எழுந்திருக்கும். "ஏம்மா விழுந்துச்சு?" என்று கேட்டால், "கண்டுபிடிச்சிட்டிருக்காங்க, கண்ணு. தெரிஞ்சதும் சொல்றேன்" என்று சொன்னால் போதும். குழந்தைக்குப் போதுமான பதில்தான் அது. நமக்கும் அதுவே போதும்.