பழைய மிசினும் பிரஷர் குக்கரும்

உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. விதைப்பு நெருங்கும் நேரம் என்பதால் எழுதுகிறேன். வீட்டில் மிசின் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற மாரிப் போகத்தில் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. விதைப்புக் காலத்தில் எங்கள் பக்கம் இது புதினமில்லை. வந்த அன்று வலது கையில் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. "என்ன மனே இது?" என்றேன். "மிசின் சூடாகிட்டு சேர். தண்ணி ஊத்த மூடியக் கழட்டினன்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அமுக்கம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும் என்று அவனுக்குப் படிப்பித்தவனே நான்தான். தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு அவன் சரியாகவும் எழுதியிருந்தான். ஆனால் நான் சொன்ன உதாரணம் பிரஷர் குக்கர். வட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பாடசாலையில், மிசின் ஓட்டுகிற பொடியன்களுக்கு, பிரஷர் குக்கர்! அவனுடைய உம்மா அதைக் கண்ணால் கண்டிருப்பாவோ தெரியாது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல. எங்கள் ஊரில் அதிகம் ஓடும் மெஸி பெர்கியுஸன் 135 போன்ற மிசின்களில் அது சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அளவு அமுக்கத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அதனால் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 110 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகியதும் அமுக்கம் போகும், அத்தனை தண்ணீரும் ஒரே நொடியில் கொதித்து மேலே பாயும். ஆகவே சூடானால் முதலில் உழவை நிறுத்துங்கள். பெல்ட் அறாமல், தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் சும்மா மெதுவாகச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அரை மணித்தியாலமாவது பொறுங்கள். பிறகு தடித்த சாக்கை மூடியில் போட்டு, முதல் பிடி வரை மட்டும் திருப்பி, ஆவி போன பிறகு கழட்டுங்கள். கொதித்துக் கிடக்கும் எஞ்சினுக்குள் வாய்க்கால் தண்ணீரை வாளியோடு ஊற்றினால் ஹெட் வெடிக்கும். அந்தச் செலவு என்னவென்று பட்டவர்களுக்குத் தெரியும்.

"கிழட்டு மிசின், சூடாகத்தான் செய்யும்" என்று சொல்லித் திரிகிறோம். இதை நான் ஏற்கவில்லை. 135 வெளிவரத் தொடங்கியது 1964 இல். அந்த மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் இன்றைக்கும் சேற்றுச் சில்லோடு இறங்கி உழுகிறதென்றால் பிழை அதன் வயதில் இல்லை. ரேடியேட்டரின் முன்பக்கம் பதரும் தூசியும் அப்பிக் கிடக்கும், காற்றாடி பெல்ட் தொங்கும், உள்ளே ஊற்றுவது கிணற்று உவர்த்தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களையும் அடைக்கிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க எங்களுக்கு எவ்வளவு செலவு?

இன்னொரு கெட்ட பழக்கம், சூடு என்று கராஜுக்குப் போனதும் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிவது. வாப்பாவின் மிசினுக்கும் ஒரு பாஸ் அதைத்தான் செய்தார். கிட்டத்தட்ட 82 பாகை வரை தண்ணீரை எஞ்சினுக்குள்ளேயே வைத்திருந்து பிறகு திறந்துவிடுவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரப் பிந்தும். டீசல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. அது இறுகிப்போனால் சூடாகும் என்பது உண்மைதான். அப்படியானால் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

இனி எண்ணெய்க் கதை. வாப்பாவின் மிசின் அரை மணித்தியாலம் உழும், பிறகு இழுத்து இழுத்து நிற்கும். பத்து நிமிடம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகும். "சூட்டுல நிக்கிது" என்றார்கள். ரேடியேட்டர் மாற்றினோம், தண்ணீர்ப் பம்பும் மாற்றினோம், அப்படியும் நின்றது. மச்சான் விற்றுவிட்டு லீசிங்கில் புதியது எடுப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் எங்கள் வட்டையில் உழும் வயதான காக்கா ஒருவர், நின்ற இடத்திலேயே டீசல் டேங்க் மூடியைத் தளர்த்தினார். உஸ் என்று காற்று உள்ளே போனது. மிசின் ஓடியது. மூடியிலிருக்கும் காற்றுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. ஒரு குண்டூசியால் தீர்ந்த வேலைக்கு ஒரு போகத்து இலாபத்தைக் கொட்டியிருக்கிறோம். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது தோன்றவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது, மண்ணெண்ணெய் ஓகஸ்ட் வரை 87 ரூபாய். பெற்றோல் செட்டில் நாட்கணக்கில் கானோடு நின்றோம். கிடைத்ததில் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றியவர்களை நான் குறை சொல்லவில்லை, வயல் காத்திருக்காது. ஆனால் இஞ்செக்ஷன் பம்புக்கு மசகு அந்த டீசல்தான். மண்ணெண்ணெய் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. அன்றைக்குப் பீப்பாயிலும் கானிலும் வந்த தண்ணீரும் கசடும் இன்னும் பல டேங்குகளின் அடியில் கிடக்கிறது. டேங்கை ஒருமுறை முழுதாக இறக்கிக் கழுவுங்கள், கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்து பில்டரை மாற்றுங்கள். பிறகு கைப்பம்பை அடித்து, பில்டரிலும் பம்பிலும் இருக்கும் திருகாணிகளைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை காற்றை எடுங்கள். வேலை முடிந்த பின்னேரமே டேங்கை நிரப்பி வைத்தால் இரவுப் பனியில் உள்ளே தண்ணீர் கட்டுவது குறையும்.

இதையெல்லாம் ட்றைவர் பார்ப்பான் என்று இருக்காதீர்கள். அவருக்கு ஏக்கர் கணக்கில்தான் கூலி. சூட்டு முள் சிவப்புக்குப் போனாலும் அடுத்த வயல்காரன் வரம்பில் நிற்கிறான், வாய்க்காலில் தண்ணீர் விடுகிற நாளும் முடிகிறது, அவர் எப்படி நிறுத்துவார்? "சூடானால் நிறுத்து, அந்த நேரத்துக்கும் நான் காசு தாறன்" என்று சொல்ல வேண்டியவர் சொந்தக்காரர். பதினைந்து வயதுப் பொடியனைச் சீட்டில் ஏற்றுபவர்களிடம் எனக்குச் சமாதானமே இல்லை. கூலி குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

இந்தத் தவணை அதே பாடத்துக்கு வாப்பாவின் பழைய ரேடியேட்டர் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மூடியின் ஸ்பிரிங்கை அழுத்திக் காட்டியது அந்தப் பொடியன்தான், தழும்புள்ள அதே கையால்.

வரும் சனிக்கிழமை காலை எங்கள் வளவில் டேங்க் கழுவுகிறோம். டேங்க் மூடி காக்காவும் வருவார். பார்க்க விரும்புபவர்கள் வாருங்கள், ஸ்பேனர் செட் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். பிளேன்டீ எங்கள் பொறுப்பு.