எதிரிக்கும் இரங்கும் வாள்

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. ஜப்பானிய மூலத்துடன் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு டப்பிங்கிலும் வந்த இந்தப் படம், இந்தியாவில் அதுவரை எந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படமும் காணாத வசூலைப் பெற்றது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாழும் இளைஞர்களுக்கு அனிமே புதிதல்ல. சுட்டி டிவியிலும் கார்ட்டூன் நெட்வொர்க்கிலும் தமிழ் பேசும் கார்ட்டூன்களோடு வளர்ந்து, பிறகு கைப்பேசியில் சப்டைட்டிலோடு ஜப்பானியத் தொடர்களுக்கு நகர்ந்த தலைமுறை அது. இந்தப் படத்துக்கு அடிப்படையான 'டீமன் ஸ்லேயர்' தொடரின் மேல் அந்தத் தலைமுறை வைத்த எதிர்பார்ப்பு பெரிது. அதற்குத் தொடர் ஈடுகொடுத்திருக்கிறதா என்பதை ஓவியம், கதைக்கட்டு, கருத்து என மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதே நியாயமாக இருக்கும்.

கதையின் அடித்தளம் எளிமையானது. ஜப்பானின் தைஷோ காலத்தில், அதாவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலையில் கரி சுட்டு விற்றுப் பிழைக்கும் டான்ஜிரோ ஒருநாள் வீடு திரும்பும்போது குடும்பமே அரக்கனால் கொல்லப்பட்டுக் கிடக்கிறது. உயிர் தப்பிய தங்கை நெசுகோ அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை மீண்டும் மனுஷியாக்கவும், அரக்கர்களின் மூலவனான முசானை ஒழிக்கவும் அவன் வாள் எடுக்கிறான். கோயோஹாரு கொதோகே 2016 முதல் 2020 வரை வார இதழில் வரைந்த இந்தக் கதையின் மூலமான மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 205 அத்தியாயங்களில், 23 தொகுதிகளில் முடிந்தது. யூஃபோடேபிள் நிறுவனம், ஹருவோ சோட்டோசாக்கியின் இயக்கத்தில், 2019 ஏப்ரலில் அதைத் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியது. 2020 அக்டோபரில் வந்த 'முகென் ட்ரெய்ன்' படம் கொரோனா காலத்திலும் மியாசாக்கியின் 'ஸ்பிரிட்டட் அவே'யை முந்தி ஜப்பானின் வசூல் சாதனையாக நின்றது. எதிர்பார்ப்பு ஏறியது இப்படித்தான்.

ஓவியத்தில் தொடர் எங்கும் ஏமாற்றவில்லை. டான்ஜிரோவின் வாளைச் சுற்றி எழும் நீர், பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியங்களின் அலையைப் போலத் தடித்த கோடுகளால் ஆனது. கையால் வரைந்த உருவங்களும் கணினியில் எழுப்பிய வெளியும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் நேர்த்தி முதல் பருவத்தின் 19ஆம் பகுதியிலேயே உச்சம் தொட்டது. 'இன்ஃபினிட்டி கேஸில்' படத்தில் அது இன்னும் வளர்ந்திருக்கிறது. தரையும் கூரையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், முடிவே இல்லாத மரக்கோட்டைக்குள் வீரர்கள் விழுந்துகொண்டே இருக்கும் தொடக்கக் காட்சி, பெரிய திரைக்காகவே பிறந்தது. இத்தகைய காட்சிகளில் சப்டைட்டிலைப் படிக்கக் கண் கீழே இறங்கினால் பாதி ஓவியம் கைநழுவிவிடும். தமிழ் டப்பிங்கின் முதல் பயன் இதுவே: பார்வையாளரின் கண்ணை அது ஓவியத்துக்கே விட்டுவிடுகிறது.

கதைக்கட்டில்தான் குறைகள் தொடங்குகின்றன. படம் 155 நிமிடம் ஓடுகிறது. அரக்கர்களை வேட்டையாடும் ஷினோபுவுக்கும் அரக்கன் டோமாவுக்கும் ஒரு மோதல், டான்ஜிரோவின் தோழன் ஜெனிட்சுவுக்கும் அரக்கனாகிவிட்ட அவனுடைய பழைய சகமாணவன் கைகாகுவுக்கும் ஒரு மோதல், டான்ஜிரோவும் சக வீரன் கியூவும் சேர்ந்து அரக்கன் அகாசாவை எதிர்கொள்ளும் நீண்ட போர் என மூன்று சண்டைகளை வரிசையாக அடுக்கியதே அதன் அமைப்பு. முத்தொகுதியின் முதல் பாகம் என்பதால் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தொடரைப் பார்க்காமல் நேரே திரையரங்குக்கு வருபவருக்கு யார் எவர் என்பதே பிடிபடாது. சண்டை சூடேறும் ஒவ்வொரு முறையும் பழைய நினைவு குறுக்கிடுகிறது. அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கும் மங்காவுக்குப் பொருந்தும் இந்த உத்தி, இரண்டரை மணி நேரப் படத்தின் ஓட்டத்தை அறுக்கிறது. இதற்கு முந்தைய 'ஹஷிரா ட்ரெய்னிங்' பருவம் எட்டே பகுதிகள் கொண்டது. அதிலும் சொல்ல இருந்த கதை குறைவு, இழுத்த நேரம் அதிகம். இதைவிடப் பெரிய குறை நெசுகோவைப் பற்றியது. அவளை மீட்பதற்காகவே தொடங்கிய கதையில் அவள் மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, இந்தப் படத்தில் ஏறக்குறையக் காணாமலே போகிறாள்.

இத்தனை குறைகளைத் தாண்டியும் தொடர் மனதில் நிற்பதற்குக் காரணம் அதன் கருத்து. அரக்கர்கள் அனைவரும் ஒருகாலத்தில் மனிதர்கள் என்பதை இந்தக் கதை ஒருபோதும் மறப்பதில்லை. முதல் பருவத்தில், சிலந்தி மலையின் அரக்கனான ரூய் தலை துண்டிக்கப்பட்டுச் சாம்பலாகிறான். மிஞ்சிய அவன் உடையின் மேல் கியூ கால் வைக்கிறான். மனிதரைத் தின்ற அரக்கனுக்கு இரக்கம் தேவையில்லை என்பது கியூவின் வாதம். காலை எடுக்கச் சொல்லி டான்ஜிரோ மறுக்கிறான்: கொன்றது சரி, செத்தவனை மிதிப்பது சரியல்ல. தண்டனையையும் வெறுப்பையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் காட்சி இளைஞர்களுக்கான கதைகளில் அரிது.

அகாசாவின் முடிவில் ஓவியமும் கருத்தும் ஒன்றாகின்றன. அவன் போருக்கு நிற்கும்போது காலடியில் பனித்துகள் வடிவில் ஒரு கோலம் விரிகிறது. முன்பு அது வெறும் சண்டை உத்தியாகவே தெரிந்தது. அதன் பொருள் அவனுடைய கடந்த காலத்தில் இருக்கிறது. நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய சிறுவன் அவன். அந்த அவமானம் தாங்காமல் தந்தை தூக்கில் தொங்குகிறார். பிறகு அடைக்கலம் தந்த குருவும், அவன் மணக்கவிருந்த குருவின் மகள் கோயுகியும் நஞ்சு கலந்த கிணற்றுநீரால் சாகிறார்கள். கோயுகி தலையில் சூடிய கொண்டை ஊசியின் வடிவமே அந்தப் பனித்துகள். தன்னை மறந்து அரக்கனாகத் திரிந்த காலமெல்லாம் அவளுடைய நினைவின் மேலேயே அவன் நின்றிருக்கிறான். அது திரும்பிய கணத்தில் எதிரியின் வாள் அவனை முடிக்கவில்லை. அவனே தன்னை முடித்துக்கொள்கிறான். கதை தன் முழு உயரத்தை எட்டும் இடம் இது.

எதிரிக்கும் இரங்கும் இந்த அறம் தமிழ்ப் பார்வையாளருக்கு அந்நியமல்ல. ஐப்பசியில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் காணும் ஊர் இது. குரோம்பேட்டைக்கே குமரன்குன்றம் இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் மாமரமாய் நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளக்கிறது. பிளவுகள் மயிலும் சேவலுமாகி முருகனோடு சேர்கின்றன. அசுரனை அழிப்பதோடு கதை நிற்காமல் அவனை ஏற்றுக்கொள்வதில் முடிகிறது. டான்ஜிரோவின் இரக்கம் இங்கே எளிதில் புரிவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் இரக்கமும் வாய்பாடாகிவிடும் அபாயம் உண்டு. ரூய், கியூட்டாரோ, அகாசா என ஒவ்வொரு பெரிய எதிரிக்கும் சாகும் தறுவாயில் கண்ணீர்க் கதை சொல்லப்படும்போது, அடுத்தது என்ன என்பதைப் பார்வையாளர் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறார். உணர்ச்சியே இல்லாதவனாக வரும் டோமா இந்த வாய்பாட்டை உடைப்பதால்தான் ஷினோபுவின் போர் தனித்து நிற்கிறது. அரக்கனின் தலையை வெட்டும் பலம் இல்லாத சிறிய உடல் அவளுடையது. அதனால் நஞ்சை நம்புகிறாள், தோற்கிறாள். அந்தத் தோல்வியை எந்த ஆறுதலும் மழுப்பவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கார்ட்டூன் என்பதால் இது குழந்தைகள் படமாகிவிடாது. தலை துண்டிப்பும் ரத்தமும் தொடர் முழுக்க வருகின்றன. ஜப்பானில் 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோர் வழிகாட்டலுடன் பார்க்க வேண்டிய படமாகவும், அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கக்கூடிய படமாகவும் இது தரம்பிரிக்கப்பட்டது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன் ஒரு பகுதியையாவது பெற்றோர் பார்த்துவிடுவது நல்லது.

மொத்தத்தில், கண்ணுக்குத் தந்த வாக்கைத் தொடர் முழுமையாகக் காப்பாற்றியிருக்கிறது. கதைக்கட்டில் பாதி தூரமே வந்திருக்கிறது. எதிரியையும் மனிதனாகக் காணும் பார்வையில் எதிர்பார்ப்பையும் தாண்டியிருக்கிறது. எஞ்சிய இரண்டு படங்களின் கடமை இதிலிருந்தே தெளிவாகிறது: நெசுகோவைக் கதையின் நடுவுக்கு மீட்பது, நினைவுக் காட்சிகளை அளவோடு வைப்பது, எந்த இரக்கத்துக்கும் இடம் தராத முசானின் முன்னால் டான்ஜிரோவின் அறம் எப்படி நிற்கிறது என்பதைக் காட்டுவது. இந்த மூன்றாவதில் வென்றால், மற்ற இரண்டு குறைகளையும் ரசிகர்கள் மன்னிப்பார்கள்.