மாடலில் கதவு திறந்திருக்கு... மண்டபத்தில்?

முகூர்த்த நாள். அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு ஏசி கல்யாண மண்டபம். முன்வாசலில் பெரிய இரட்டைக் கதவு. குளிர் வெளியே போயிரக் கூடாதுன்னு ஒரு பக்கத்துக்குத் தாழ்ப்பாள் போட்டிருப்பாங்க. பின்வாசல் சமையற்கட்டு வழியாக. அங்கே காஸ் சிலிண்டர், அண்டா, வாழையிலைக் கட்டு. உள்ளே 500 பேர். யாருக்கும் இது வித்தியாசமாகவே தெரியாது.

இதே கரிசக்காட்டில் பிறந்து, இன்ஜினீயரிங் முடித்து, சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் மால்களுக்கும் 'பிம்' மாடல் போடும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய. அந்த மாடலைத் தீ, வெளியேற்ற சிமுலேஷன் மென்பொருளுக்குள் ஏற்றி, 'தீப்பிடித்தால் எல்லோரும் எத்தனை நிமிடத்தில் வெளியே வருவார்கள்' என்று அங்கே முன்கூட்டியே பார்க்கிறார்கள். நம்ம ஊர்க் கட்டடங்களுக்கு ஏன் அதைச் செய்யக் கூடாது? செய்தால், வரும் பதிலை அப்படியே நம்பலாமா? இரண்டு கேள்வியும் முக்கியம்.

பிம் மாடல் என்றால் என்ன?

பழைய வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. பிம் மாடலில் அந்தச் சுவருக்குத் தான் ஒரு சுவர் என்பது தெரியும். உயரம், தடிமன், எந்தப் பொருளால் கட்டியது, எந்த அறையை எந்த அறையிலிருந்து பிரிக்கிறது என்ற தகவல் எல்லாம் அதோடு இருக்கும். ஒரு மென்பொருளில் போட்டதை இன்னொன்று படிக்க ஐஎஃப்சி என்ற பொது வடிவம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரம் இதற்கானது.

மறுபக்கம் இரண்டு வகை மென்பொருள். ஒன்று தீயையும் புகையையும் கணக்கிடுவது. அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 2000-ல் வெளியிட்ட எஃப்டிஎஸ் இதில் பிரபலம், இலவசம். இன்னொன்று மனிதர்களின் நகர்வைக் கணக்கிடுவது: பாத்ஃபைண்டர், லண்டன் கிரீனிச் பல்கலைக்கழகத்தின் எக்ஸோடஸ் போன்றவை. முதலாவது 'தப்பிக்கக் கிடைக்கும் நேரம்' சொல்லும். இரண்டாவது 'தப்பிக்கத் தேவைப்படும் நேரம்' சொல்லும். முதலாவது பெரிதாக இருந்தால் உயிர் தப்பும். அவ்வளவுதான் அடிப்படை.

ஏற்றும்போது என்ன நடக்கிறது?

'இம்போர்ட்' பட்டனைத் தட்டினால் கட்டடம் அப்படியே உள்ளே போய்விடும் என்று நினைத்தால் தப்பு.

முதல் சிக்கல், வலை. எஃப்டிஎஸ் கட்டடத்தைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டித்தான் பார்க்கும். கட்டம் 20 செ.மீ. என்று வைத்தால், சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் 10 செ.மீ. இடைவெளி ஒன்று அடைபடும், இல்லை 20 செ.மீ. ஆகிவிடும். நிஜத்தில் புகை கசியும் இடம் மாடலில் அடைபட்டுப் போகலாம். கட்டத்தைப் பாதியாகச் சுருக்கினால்? எண்ணிக்கை 8 மடங்கு, கணக்கிடும் நேரம் ஏறக்குறைய 16 மடங்கு.

இரண்டாவது, பொருள். மாடலில் 'ஃபால்ஸ் சீலிங்' என்று பெயர் இருக்கும். அது எரியுமா, எவ்வளவு வெப்பம் தரும் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. பெயரை மட்டும் வைத்துப் புகையைக் கணக்கிட முடியாது. மேடை அலங்காரத் துணி, தெர்மாகோல், ஃபோம் நாற்காலி எதுவும் ஆர்க்கிடெக்ட் போட்ட மாடலிலேயே இருக்காது. முதலில் பற்றுவதோ அவைதான்.

மூன்றாவதுதான் உயிரோடு விளையாடுவது: கதவு. மாடலில் கதவு 2 மீட்டர். மென்பொருளும் 2 மீட்டர் திறந்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் அதற்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு

தீப் பாதுகாப்பு இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. நெரிசலில் ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு அதிகபட்சம் சுமார் 1.3 பேர் கடக்கலாம். கதவின் இரண்டு ஓரத்திலும் 15 செ.மீ. உபயோகப்படாது; மனிதர்கள் சட்டத்தில் உரசிக்கொண்டு நடப்பதில்லை.

2 மீட்டர் கதவு முழுசாகத் திறந்தால் உபயோகமாவது 1.7 மீட்டர். 500 பேர் வெளியேற 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் தாழ்ப்பாள் போட்டால் கிடைப்பது 1 மீட்டர், உபயோகமாவது 0.7 மீட்டர். நேரம் 9 நிமிடத்தைத் தாண்டுகிறது. அகலம் பாதியானால் நேரம் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை.

இதில் 'தீ' என்று புரிந்துகொள்ளும் நேரம் சேரவில்லை. பிள்ளையைத் தேடுவது, மொய்ப் பையை எடுப்பது, பாட்டியைத் தூக்கிக்கொண்டு போவது எதுவும் சேரவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மக்கள் கூடும் கட்டடங்களில் வெளியேறும் கதவு 2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று சொல்வது இதனால்தான். விதிப்படி கட்டிய கதவையே நாம் பாதியாக்கி வைத்திருக்கிறோம்.

நமக்குப் பாடம் தேவையில்லை, ஞாபகம் தேவை

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் பற்றியது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். கீற்றுக் கூரை, குறுகலான மாடிப்படி. 2024 டிசம்பர் 12, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனை. ஒரு குழந்தை உட்பட 6 பேர். லிஃப்டில் சிக்கியவர்களும் அதில் உண்டு.

கீற்று போய்விட்டது. அதன் இடத்தில் கண்ணாடி முகப்பும், ஃபால்ஸ் சீலிங்கும், மாடிப்படியில் அடுக்கிய சேலைப் பண்டலும் வந்திருக்கின்றன. வழி மட்டும் அதே குறுகல்.

'நம்ம மாவட்டத்துக்குத் தீ புதுசா?' என்று கேட்கலாம். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: எஃப்டிஎஸ் வெடிப்பைக் கணக்கிடும் கருவி அல்ல. மெதுவாக நகரும் புகைக்கும் வெப்பத்துக்குமானது. பட்டாசு ஆலைக்கு வழி வேறு. மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பஞ்சாலை குடோன் ஆகியவற்றுக்குத்தான் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: விருதுநகர் மாவட்டத்தில் அரசுப் பணத்தில் எழும் பெரிய கட்டடங்களுக்கு பிம் மாடல் போட்டிருந்தால், அதைத் தீயணைப்புத் துறையிடமும் கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டரின் லேப்டாப்போடு அது முடிந்துவிடக் கூடாது.

இரண்டு: சிமுலேஷன் அறிக்கை தருபவர், மாடலை ஏற்றும்போது எதை நீக்கினார், எதை மாற்றினார், எந்தப் பொருளுக்கு எந்த மதிப்பு போட்டார் என்று ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும். வண்ண வண்ண வீடியோ மட்டும் போதாது.

மூன்று: 'எல்லாக் கதவும் திறந்திருக்கிறது' என்ற ஒரே ஓட்டத்தை ஏற்கக் கூடாது. முக்கியக் கதவு அடைபட்டால் என்ன ஆகும் என்ற ஓட்டம் கட்டாயம் வேண்டும்.

நான்கு: மாடலே இல்லாத பழைய கட்டடங்கள்தான் நம்மிடம் அதிகம். அவற்றுக்கு ஒரு டேப்பும் மேலே சொன்ன கணக்கும் போதும். மண்டபத்தில் எத்தனை பேர், திறக்கிற கதவு எத்தனை மீட்டர். பத்து நிமிட வேலை.

இந்த வேலை தெரிந்தவர்கள் நம்ம ஊரிலேயே பிறந்தவர்கள்தான். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது, சொந்தக்காரரின் மண்டபத்துக்கோ கடைக்கோ அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தால், 'பெரிய ஆளாயிட்டான்' என்று நாலு பேர் சிரிக்கலாம். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது, பந்தியில் உட்காருமுன் இரண்டாவது வாசல் எங்கே என்று ஒரு தடவை பாருங்கள். முன்கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தால், மண்டபக்காரரிடம் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். ஏசி கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்.